வியாழக்கிழமை இருபது நிமிடம்

எங்கள் வீட்டில் இரண்டு நேரம் இருந்தது. ஒன்று அப்பாவின் சட்டைப்பையில், மற்றொன்று அம்மாவின் சுவரில். இரண்டுக்கும் நடுவே இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் என் படிப்பு மாட்டிக்கொண்டு முழி பிதுங்கியது.

அப்பா டிராம் கொட்டகையில் டைம் கீப்பர். கப்பல் ஜெட்டிக்கும் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமுக்கும் இடையே ஓடிய வண்டிகள் எத்தனை மணிக்குப் புறப்பட்டன, எத்தனை மணிக்குத் திரும்பின என்று பெரிய புத்தகத்தில் எழுதுவதுதான் அவர் வேலை. ஒரு வண்டி இரண்டு நிமிடம் பிந்தினாலும் ஓட்டுகிறவர் வந்து காரணம் சொல்லியாக வேண்டும். ஆறடி உயரமுள்ள ஆட்கள்கூட அப்பா பைக்கடிகாரத்தைத் திறந்தால் தலையைச் சொறிவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டுக்குள் வந்ததும் காக்கிக் கோட்டோடு அந்த அதிகாரத்தையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். வீட்டின் டைம் கீப்பர் அம்மா.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பட்டணத்தில் ஒரு துரைசாணியம்மா தலைமை ஆசிரியையாக இருந்த ஆங்கிலப் பெண்கள் பள்ளிக்கூடம். எங்கள் தெருவில் அத்தனை தூரம் படிக்கப் போன முதல் பெண் நான்தான். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு ஏழாங்கிளாஸு" என்று கேட்காத வாய் தெருவில் இல்லை. அப்பா இரண்டு வருடம் நடையாய் நடந்து அந்த இடத்தை வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்குப் பின்னால் அந்த இடத்துக்குக் காத்திருந்த பெண்கள் இன்னும் நிறையப் பேர்.

ஆண்டு தொடங்குமுன்பே பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு அச்சடித்த தாள் வந்தது. முழுக்க ஆங்கிலம். அப்பா சாப்பிட்டுக் கை கழுவி, மூக்குக்கண்ணாடி போட்டு, பென்சிலை வரிக்கு வரி நகர்த்தி அதைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. காலை எட்டு மணிக்கு மணி அடிக்கும், அடித்ததும் கேட் சாத்தப்படும். பிந்தி வருகிற பெண் முதல் பாடம் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும், அவள் பெயர் லேட் புத்தகத்தில் ஏறும், மறுநாள் பெற்றோர் காரணம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மூன்று முறை பிந்தினால் தகப்பனோ தாயோ நேரில் வர வேண்டும். ஒரு தவணையில் ஐந்து முறை பிந்தினால் இடம் காத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்குப் போய்விடும்.

"இதான் ஒழுங்கு," என்றார் அப்பா. "டிராம் கொட்டகையிலகூட இவ்வளவு கண்டிசன் கிடையாது." தன் சாதிக்காரரைப் பார்த்துவிட்டதுபோல் சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "வியாழக்கிழமைக்கு என்ன எழுதியிருக்கு?"

"வியாழக்கிழமையும் எட்டு மணிதான்."

அப்பாவின் பென்சில் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.

வியாழக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரைவரை யமகண்டம். மற்ற நாட்களில் எனக்குத் தொந்தரவில்லை. திங்கட்கிழமை இராகு காலம் ஏழரைக்குத் தொடங்கும், அதற்கு முன்பே கிளம்பிவிடலாம். வியாழக்கிழமை மட்டும் ஏழரைவரை நான் நிலைப்படியைத் தாண்டக் கூடாது. அப்பா விடியுமுன் நாலரைக்கே வேலைக்குப் போய்விடுகிறவர், அவருக்கு எந்தக் கண்டமும் இல்லை. நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். சுவர்க் கடிகாரம் ஏழரைக்கு ஒரு தட்டு தட்டியதும் அம்மா "போ" என்பாள். ஓட்டமும் நடையுமாக இருபத்தைந்து நிமிடம். கேட்டுக்குள் நுழைய ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும். ஆறாம் வகுப்பு முழுக்க அப்படித்தான் ஓடியது.

இதை மூட நம்பிக்கை என்று இன்று யாரும் சிரித்துவிடலாம். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். பத்து வயதில் ஒரு வியாழக்கிழமை, வாத்தியார் சீக்கிரம் வரச் சொன்னார் என்று ஏழு மணிக்கே ஓடிப் போனான். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனானாம். மத்தியானம் காய்ச்சலோடு ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். அம்மா அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேசியதே இல்லை. வியாழக்கிழமை வாசலில் நிற்பதோடு சரி.

இந்த நிலைமையில்தான் சர்க்கார் கடிகாரத்தில் கை வைத்தது. அந்த ஆண்டின் முதல் நாளிலிருந்து எல்லாக் கடிகாரத்தையும் இருபது நிமிடம் முன்னே தள்ளிவைக்க வேண்டும் என்று உத்தரவு. சாயங்காலம் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்குமாம், ஜனங்கள் பந்து விளையாடலாமாம். அப்பா கொட்டகையில் அதிகாரி முன்னிலையில் தன் பைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு வந்தார். வந்ததும் முக்காலியை இழுத்துப்போட்டுச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

"அதுல கை வைக்காதீங்க," என்றாள் அம்மா.

"கவர்மெண்டு ஆர்டரு."

"கவர்மெண்டு சொன்னா சூரியன் இருவது நிமிசம் முன்னாடி வருமா? பஞ்சாங்கம் சூரியனப் பாத்துப் போட்டது. ஒங்க நேரத்த ஒங்க பையில வச்சிக்கிங்க."

அப்பா கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு முக்காலியிலிருந்து இறங்கினார். இப்போது நினைத்துப் பார்த்தாலும் அம்மா சொன்னது சரிதானே. பக்கத்து வீட்டு அக்கா, புருஷன் கடைக்குச் சோறும் குழம்பும் ஆக்கிக் கொடுக்கிற முஸ்லிம் பெண், அவரும் அம்மா கட்சிதான். "எங்களுக்கும் அப்படித்தான் தங்கச்சி," என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. "விடியக்கால சுபுஹு தொழுகைய வானத்தப் பாத்துத்தான் தொழறோம். தொர கடிகாரத்தப் பாத்தா?"

ஆக, அம்மாவின் ஏழரை பள்ளிக்கூடத்தின் ஏழு ஐம்பது ஆயிற்று. பள்ளி திறந்த முதல் வியாழக்கிழமை நான் எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட் சாத்தியிருந்தது. கம்பிக்கு வெளியே, வேர்த்து விறுவிறுத்து, முதல் பாடம் முழுவதும் நின்றேன். ரிக்‌ஷாக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். உள்ளே என் வகுப்பு ஒப்பிப்பது கேட்டது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. செத்துப்போன அண்ணன்மேல்கூட வந்தது என்று சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

காரணம் எழுதுவது அப்பாவின் பாடு. யமகண்டத்தைத் துரைசாணிக்கு எந்த ஆங்கிலத்தில் எழுதுவது? அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் டிராம் புத்தகத்தில் இருந்த ஆங்கிலம். அதில் வண்டி பிந்தினால் எழுத நாலைந்து காரணங்கள் தயாராக இருக்கும். ரொம்ப நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு, "லைன் கிளியர் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதிரே வண்டி வருகிறது, பாதை விடவில்லை என்று பொருள். யோசித்தால் அது பொய்யும் இல்லை.

இரண்டாம் வியாழக்கிழமையும் லைன் கிளியர் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. அப்பா நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு காக்கிக் கோட்டில், பித்தளைப் பொத்தான்களைத் துலக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். என்னையும் அறைக்குள் கூப்பிட்டார்கள். துரைசாணியம்மா லேட் புத்தகத்தைத் திறந்து அப்பா பக்கம் திருப்பி வைத்தார். அது அசப்பில் அப்பாவின் கொட்டகைப் புத்தகம் மாதிரியே இருந்தது. அதே கோடுகள், அதே மூன்று கட்டம். பெயர், நேரம், காரணம். அப்பா அதைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பிடிபட்ட ஓட்டுநர்கள் அவர் முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார்.

துரைசாணி சொன்னதை ஒரு தமிழ் டீச்சர் எங்களுக்குச் சொன்னார். "மத்த நாளெல்லாம் புள்ள எல்லாருக்கும் முன்னாடி வந்துடுது. வியாழக்கெழம மட்டும் ஏன் லேட்டுன்னு கேக்குறாங்க."

அப்பா தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். மகன் செத்த கதையை அந்த அறையில் எடுத்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை. "இனிமே வராதுங்க," என்றார்.

"இன்னும் ரெண்டு தடவ ஆனா இடம் போயிடும். அவங்க மாத்திக்க மாட்டாங்க," என்றார் டீச்சர். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ரெண்டு தடவதான் பாக்கி," என்று மட்டும் சொன்னார். அம்மா வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். பரஸ்தானம் வைக்கலாம்.

நல்ல வேளையில் புறப்பட முடியாதவர்கள், முந்திய நாளே நல்ல நேரம் பார்த்துத் தங்கள் பெட்டியையோ மூட்டையையோ வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது வழக்கம். சாமான் வாசலைத் தாண்டிவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் பாதகமில்லை. அப்பா கப்பல் ஏறும்போதுகூட அவருடைய தகரப் பெட்டி இரண்டு நாள் பக்கத்து வீட்டில் தூங்கியதாம். அப்பாவுக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. "அப்ப லைன் கிளியர்," என்றார்.

புதன்கிழமை சாயங்காலம், பஞ்சாங்கம் பார்த்து, என் புத்தகப் பையை நானே சுமந்துபோய்ப் பக்கத்து வீட்டு அக்கா கையில் கொடுத்தேன். அவர் அதைப் பெரிய பொறுப்பாக வாங்கி அரிசிப் பானைமேல் வைத்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்து ஏழர மணிக்கு ரெடியா வெளிய வச்சிருக்கேன்லா," என்றார்.

மறுநாள் காலை நான் சீருடை மாட்டி, பின்னலில் ரிப்பன் கட்டி, வாசலுக்கு வந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஏழு பத்து. அதாவது பள்ளிக்கூடத்து ஏழரை. பக்கத்து வீட்டு முன்னால், கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் என் பை தயாராக இருப்பது தெரிந்தது. அம்மா நிலையில் நின்றாள். "போய்ட்டு வா," என்றாள். நான் ஒரு காலை எடுத்து வெளியே வைத்தேன். பின்னால் இழுத்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா என் பின்னலின் நுனியைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். "போறேம்மா," என்றேன். "ம், போ," என்றாள். கை விடவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தார். "பை வந்திருச்சு. புள்ள எங்க?"

அம்மா முகத்தில் வேர்வை முத்து முத்தாக இருந்தது. கடிகாரம் ஏழரைக்கு ஒரு தட்டு தட்டிய பிறகுதான் அந்த விரல்கள் பிரிந்தன. நான் ஓடவில்லை. ஓடி என்ன ஆகப் போகிறது. நாலாவது முறையாக என் பெயர் புத்தகத்தில் ஏறியது.

அந்த வாரம் முழுக்க எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அடுத்த வியாழக்கிழமையோடு என் படிப்பு முடிந்தது, தெருவில் எல்லாரும் "நாங்க அப்பவே சொன்னோம்" என்பார்கள், நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று ராத்திரியெல்லாம் நினைத்து நினைத்துக் குமைந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளை இருபது நிமிடம் முன்னே தள்ளினேன். பாதி வழியில் அது ஆறு மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆறாவது தட்டு முடியும்வரை பெண்டுலத்தைப் பார்த்துக்கொண்டு முக்காலியிலேயே நின்றேன். யாரும் வரவில்லை. அம்மா குடத்தோடு வந்தபோது நான் பூகோளப் புத்தகத்தில் மூழ்கியிருந்தேன், புத்தகம் தலைகீழாக இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கடிகாரம் ஏழரைக்குத் தட்டியது. நான் பையை மாட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். முகம் கழுவி, குங்குமம் வைத்து, வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள். கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மணி ஏழர ஆச்சு," என்றாள். "நான் முன்னாடி போறேன். நீ பின்னாலயே வா. என்னைத் தாண்டக் கூடாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நிலைப்படியைத் தாண்டி இறங்கி நடந்தாள். நான் நாலடி பின்னால். நான் வேகமாக நடந்தால் அவளும் வேகத்தைக் கூட்டுவாள். டிராம் தண்டவாளத்தில் முதலில் அவள் ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எனக்குக் கை காட்டினாள். பள்ளிக்கூட வாசலில் கேட்டைத் தொட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் உள்ளே போனேன். மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் முள்ளைப் பின்னுக்கு இழுத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது.

இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். கடிகாரம் ஏற்கெனவே பழைய நேரத்துக்குத் திரும்பியிருந்தது. அம்மா எப்போதும்போல், "கை கால் கழுவிட்டு வந்து சாப்புடு," என்றாள்.

இப்போது யோசித்தால் என் அசட்டுத்தனம்தான் சிரிப்பாக வருகிறது. தினமும் விடிகாலை எழுந்து அதே கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்துக் கணவனை வேலைக்கு அனுப்புகிறவளுக்கா இருபது நிமிட வித்தியாசம் தெரியாது? நாலரைக்குக் கிளம்பும்போது தன் பைக்கடிகாரமும் சுவரும் ஒத்துப்போனதை அப்பாதான் பார்க்காமல் இருந்திருப்பாரா? அன்று எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. பயந்து பயந்து சாப்பிட்டேன். அடுத்த புதன்கிழமை அம்மா அதே நேரத்துக்குக் குடத்தை எடுத்தாள். நான் மறுபடியும் முக்காலி ஏறினேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் கடிகாரம் முன்னே போகும், வியாழக்கிழமை பிற்பகல் பின்னே வந்துவிடும். இதைப் பற்றி எங்கள் மூன்று பேரில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வியாழக்கிழமை தோறும் அம்மா முன்னால், நான் பின்னால். கூடப் படித்த பெண்கள் கேலி செய்தார்கள். "ஒங்கம்மா என்ன, பந்தயத்துக்கா ஓடுறாங்க?" எனக்கு மானம் போயிற்று. துரைசாணியம்மா மட்டும் ஒரு பெற்றோர் கூட்டத்தில் அம்மாவைச் சுட்டிக் காட்டி, வாரம் தவறாமல் மகளை வாசல்வரை கொண்டுவந்து விடுகிற தாய், நேரத்தின் அருமை தெரிந்தவர், எல்லாரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். டீச்சர் தமிழில் சொன்னதும் அப்பா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அடுத்த வருடம் ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தை மழைக்குச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டே வந்து கதவைத் தள்ளினேன். வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. டக் டக் சத்தம் இல்லை. பெண்டுலம் நின்றிருந்தது. கடிகாரத்துக்குக் கீழே அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் அப்பாவின் பைக்கடிகாரம் திறந்திருந்தது. அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். முள்ளைப் பின்னுக்குத் திருப்பினால் மணி அடிக்கிற சக்கரம் கெட்டுவிடும் என்று அவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதனால் பெண்டுலத்தை நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் கழியும்வரை, ஒவ்வொரு வியாழக்கிழமையும் அம்மா அப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

நான் சத்தம் போடாமல் பின்வாங்கி அஞ்சடியில் போய் நின்றேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளே தெரியும். யமகண்டம் முடியவில்லை என்று தெரிந்தேதான் அவள் வாசலைத் தாண்டியிருக்கிறாள். எதிரே எது வந்தாலும் முதலில் தன்னைப் பார்க்கட்டும் என்றுதான் எனக்கு முன்னால் நடந்திருக்கிறாள். நான் அவளை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு பின்னால் போயிருக்கிறேன். உள்ளே பெண்டுலம் மறுபடியும் ஓடத் தொடங்கிய பிறகுதான் நான் போனேன். நனைந்த தலையைத் துவட்டிவிட்ட அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. சும்மா நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில் அவளை முந்த நான் முயலவே இல்லை. யார் கேலி செய்தாலும் நாலடி பின்னாலேயே நடந்தேன்.

பள்ளியின் கடைசிப் பரீட்சை ஒரு வியாழக்கிழமையில் தொடங்கியது. முந்திய நாள் முழுவதும் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா குடத்தை எடுத்ததையும் கவனிக்கவில்லை, திரும்பி வந்ததையும் கவனிக்கவில்லை. கடிகாரத்தை நான் அடியோடு மறந்துபோனேன். மறுநாள் காலை சீருடையை மாட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடி வந்து பார்த்தேன்.

கடிகாரத்தில் ஏழரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. வெளியே டிராம் மணி கேட்டது. தினமும் பள்ளிக்கூடத்து ஏழரைக்கு இரண்டு நிமிடம் முன்பு எங்கள் தெருமுனையைக் கடக்கிற வண்டி அது; சுவர்க் கடிகாரமும் அதோடு ஒத்துப்போயிருந்தது. அருகே போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவின் ஓரத்தில், முகம் கழுவும்போது பூசுகிற மஞ்சளோடு, ஒரு விரலின் தடம் இருந்தது.

அம்மா வெளியே போகிற சேலையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நின்றாள். "மணியாச்சு," என்றாள். "வா."